ரெண்டாம் கதவு

யோசெப்பினுக்கு ஸ்பானிஷ் விசர் பிடிச்சது மெக்சிக்கோவிலை, ஒரு ஒடுக்கமான ஒழுங்கையிலை. அதுக்கு முதல் அவவுக்குத் தெரிஞ்ச பாஷையள் தமிழும், வேலைக்குக் காணுமான இங்கிலீசும், பஸ் ட்ரைவரோடை சண்டை பிடிக்கக் காணுமான பிரெஞ்சும்தான். அது போதுமெண்டு பத்து வருசமா மொன்றியலிலை சந்தோசமா இருந்த மனுசி.

இரண்டாயிரத்தி ஆறாம் ஆண்டு மார்கழியிலை எங்கட தமிழ்க் கோயில் ஆக்கள் ஒரு கூட்டமாச் சேர்ந்து குவாடலூப்பே மாதாவின்ர திருநாளுக்கு யாத்திரை போச்சினம். யோசெப்பினும் புருசன் பத்திநாதரும் அதிலை. திருநாள் முடிஞ்சு புவேப்லா எண்ட ஊரிலை தங்கி நிக்கேக்கை, ஒரு பின்னேரம் சாப்பாட்டுக் கடை தேடி நடந்தவைக்கு முன்னாலை சனம் மெழுகுதிரி பிடிச்சுப் பாடிக்கொண்டு வந்தது. முன்னுக்கு ஒரு சின்னப் பெட்டை நீலச் சால்வை போர்த்து மாதாவா வந்தாள். பக்கத்திலை ஒரு பொடியன் தடி பிடிச்சு சூசையப்பரா வந்தான். ஒரு வீட்டு வாசலிலை நிண்டு பாடிச்சினம். உள்ளுக்கையிருந்து பாட்டாலையே மறுமொழி வந்தது, கதவு திறக்கேல்லை. அடுத்த வீட்டிலையும் அதே கதைதான். யோசெப்பினுக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிள்ளைத்தாச்சி மாதாவை வாசலிலை நிப்பாட்டி வைக்கிற உதுகளும் வேதக்காரரோ எண்டு பத்திநாதரிட்டைப் பொரிஞ்சு தள்ளினா. அவர் பாவம், தனக்குப் பசிக்குது எண்டார்.

மூண்டாவது வீட்டிலை கதவு விரியத் திறந்தது. வெளிச்சமும் பாட்டும் சாப்பாட்டு வாசமும் ஒண்டா வெளியிலை வந்தது. தெருவோரம் வாய் பார்த்துக்கொண்டு நிண்ட எங்கட ஆக்களையும் சேர்த்து உள்ளுக்கை கூப்பிட்டுச்சினம். அந்த வீட்டு முற்றத்திலை நிண்டு யோசெப்பின் விக்கி விக்கி அழுதா. ஏன் அழுறனெண்டு அவவுக்கே தெரியாது. தன்ரை வீட்டுக் கதவையும் ஒருநாள் உப்பிடித் திறந்து, உந்தப் பாட்டை உந்தப் பாஷையிலை பாட வேணுமெண்டு அந்த இடத்திலையே மனதிலை முடிச்சுப் போட்டா. யோசெப்பின் ஒண்டைப் பிடிச்சாவெண்டா உடும்புதான், விடமாட்டா.

திரும்பி வந்த கையோடை லூப்பேயைப் பிடிச்சா. லூப்பே எண்டது டோர்வல் எயார்போட்டுக்குப் பக்கத்திலை, பிளேனுக்குச் சாப்பாடு அடுக்கிற கிச்சினிலை யோசெப்பினோடை வேலை செய்யிற மெக்சிக்கோப் பெட்டை. முப்பது வயசு மட்டிலை இருக்கும். அகதி வழக்குப் போட்டுவிட்டு முடிவைப் பாத்துக்கொண்டிருந்தவள். இருந்ததும் பார்க் எக்ஸ்டென்ஷனிலை யோசெப்பின்ர அதே பில்டிங்கிலைதான், பேஸ்மென்ரிலை. ஊரும் அந்தப் புவேப்லாதான். யோசெப்பின் ஒழுங்கையிலை கண்டதைக் கையாலையும் காலாலையும் நடிச்சுக் காட்ட, லூப்பே ட்ரேயைக் கீழை வைச்சுவிட்டுச் சிரிச்சாள். அதுக்குப் பேர் போசாதா எண்டாள். நத்தாருக்கு முதல் வாற நாளுகளிலை, சூசையப்பரும் மாதாவும் பெத்லேகேமிலை இடம் தேடி அலைஞ்சதை நடிக்கிற வழக்கம். முதல் வாசல்காரர் இடமில்லை எண்டு பாட வேணும். கடைசி வாசல்தான் திறக்கும். ஒருக்காத் திறந்தால் அண்டைய சடங்கு அதோடை சரி. பிறகு தீனும் கூத்தும்தான்.

அண்டையிலையிருந்து பாடம் தொடங்கினது. சலாட் ஒரு பக்கம், கேக் துண்டு ஒரு பக்கம், நடுவிலை ஒரு ஸ்பானிஷ் சொல்லு. மேசைக்கு மேசை எண்டுதான் சொல்லுவினம் எண்டு அறிஞ்ச நாள் யோசெப்பினுக்குப் புழுகம் தாங்கேலாமல் போச்சு. சப்பாத்து, பாண், அலுமாரி எல்லாம் கொஞ்சம் வாயைக் கோணிச் சொன்னால் சரி. போர்த்துக்கீசன் எங்கட ஊரிலை போட்டுவிட்டுப் போனதெல்லாம் தனக்கு இப்ப உதவுதெண்டு கிச்சின் முழுக்கச் சொல்லித் திரிஞ்சா. வீட்டிலையும் ரெலிபோனிலை சீ, சீ எண்டு ஆமாப் போட, என்னத்துக்கு எல்லாத்தையும் சீயெண்டு தள்ளுறாய் எண்டு பத்திநாதர் கேட்டார். அந்த மனுசனுக்கு என்ன தெரியும். ஒரு வருசத்திலை யோசெப்பின் லூப்பேயோடை ஊர்ப்புதினம் கதைக்கிற அளவுக்கு வந்திட்டா. போசாதாவிலை கடைசி வாசல்காரர் பாடிற வரவேற்புப் பாட்டு முழுக்கப் பாடம். குசினியிலை பாடுவா, குளிக்கேக்கை பாடுவா, பஸ் ஸ்ரொப்பிலை பனிக்குள்ளை நிண்டும் பாடுவா.

லூப்பேக்கு ஒரு அக்கா இருந்தா. பேர் அம்பாரோ. அவதான் லூப்பேயைக் கனடாவுக்குக் கூப்பிட்டவ. அவ இருந்ததும் அதே பில்டிங்கிலை, யோசெப்பினுக்கு மேலை, உச்சி மாடியிலை. ஆனா அக்காளும் தங்கச்சியும் ரெண்டு வருசமா முகம் பாக்கிறேல்லை. படியிலை எதிர்ப்பட்டால் ஒராள் சுவரைப் பார்த்து நிக்கும், மற்றாள் கடந்து போகும்.

வேறை ஒண்டுமில்லை. ஊரிலை தாய் செத்துப் போனா. அம்பாரோவுக்கு இஞ்சை நிரந்தர வதிவிடம் இருந்தது, ஓடிப் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தா. லூப்பேக்குச் சொல்லேல்லை. சொன்னால் பெட்டை வழக்கையும் விட்டுவிட்டு வெளிக்கிட்டிடுவாள், பிறகு இஞ்சை திரும்பி வரேலாது எண்டு மறைச்சுப்போட்டா. எல்லாம் முடிஞ்சு வந்து சொல்ல, லூப்பே உடுப்பை அள்ளிக்கொண்டு பேஸ்மென்ருக்கு இறங்கினவள்தான். அம்மாவைப் புதைக்கிற நாளிலை நான் இஞ்சை நிண்டு சிரிச்சுச் சிரிச்சு ட்ரே அடுக்கினனே, அதை எனக்குச் செய்தது என்ர அக்கா எண்டு யோசெப்பினிட்டைச் சொல்லி அழுதிருக்கிறாள்.

இரண்டாயிரத்தி ஏழாம் ஆண்டு ஐப்பசியிலை லூப்பேயின்ர வழக்கும் தள்ளுபடியாப் போச்சு. தை மாதம் நாட்டை விட்டுப் போகச் சொல்லிச்சினம். எந்த வழக்குக்காக அம்பாரோ தாயின்ர சாவை மறைச்சாவோ, அந்த வழக்கே இல்லையெண்டு ஆச்சு.

அந்த நேரத்திலைதான் ஸ்பானிஷ் கோயில் சுவாமி லூப்பேக்கு ஒரு யோசனை சொன்னார். இந்த முறை போசாதாவை உங்கட பில்டிங்கிலை வைப்பம் எண்டார். அம்பாரோவும் சுவாமியிட்டைச் சொல்லி அனுப்பினா, கடைசிக் கதவு என்ர கதவா இருக்கட்டும், லூப்பே பாடிக்கொண்டு வந்தால் நான் திறப்பன் எண்டு. ரெண்டு மூண்டு நாள் கழிச்சு லூப்பே வேலையிலை, கையுறையைக் கழட்டிவிட்டு, யோசெப்பினைத் தன்ரை பாஷையிலை ஹொசெஃபீனா எண்டு கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஹொசெஃபீனா, அவவோடை கதைக்க எனக்குச் சொல்லில்லை. அவவுக்கும் இல்லை. ஆனா பாட்டிலை எல்லாச் சொல்லும் இருக்கு. நான் வாசலிலை நிண்டு இடம் கேப்பன். அவ திறந்து வா எண்டு பாடுவா. அதுக்குப் பிறகு ஒண்டும் கதைக்கத் தேவையில்லை."

யோசெப்பினுக்கு விளங்கினது. ஒவ்வொரு சொல்லும் விளங்கினது. பெட்டையின்ர கையைப் பிடிச்சு, மாதா எல்லாம் சரியாக்குவா எண்டு சொன்னவவும் அவதான். அப்ப என்ர கதவு எது எண்டு கேட்டா. ரெண்டாம் கதவு எண்டாள் லூப்பே. இடமில்லை எண்டு பாடிற கதவு.

யோசெப்பினுக்கு மனம் விட்டுப் போச்சு. வெளியிலை காட்டேல்லை. ஒரு வருசமாப் பாடமாக்கின வரவேற்புப் பாட்டை மூட்டை கட்டி வைச்சுவிட்டு, இடமில்லைப் பாட்டைப் பாடமாக்கத் தொடங்கினா. அது ஏனோ நாக்கிலை ஒட்டேல்லை. வீட்டிலை பத்திநாதர் வேறை ஏத்திக்கொண்டிருந்தார். நடிப்போ கூத்தோ, என்ர வீட்டு வாசலிலை வந்து நிக்கிற மாதாவை இடமில்லை எண்டு அனுப்பிறது எனக்குப் பிடிக்கேல்லை, நத்தார் நேரத்திலை உது நல்லதுக்கில்லை எண்டார். தொண்ணூற்றஞ்சிலை யாழ்ப்பாணம் இடம்பெயரேக்கை, மழைக்குள்ளை சாவகச்சேரியிலை எத்தினை வாசலிலை நிண்டம், எத்தினை பேர் திண்ட தட்டோடை வந்து இடமில்லை எண்டவை, மறந்து போச்சோ எண்டார். அவ மறக்கேல்லை. போசாதா அண்டு தான் செய்ததுக்கு உந்தக் கதையைத்தான் பிறகு பிறகு தனக்குத்தானே சொல்லிச் சமாளிச்சவ. ஆனா சமாளிப்பு வேறை, உண்மை வேறை.

உண்மை என்னெண்டால் போசாதா அண்டைக்கு விடியவே எழும்பி ஒரு தாச்சி நிறைய ரோல்ஸ் பொரிச்சா. கேக் வெட்டி அடுக்கினா. கதிரையளைச் சுவரோரம் தள்ளினா. பத்திநாதர் பார்த்துவிட்டு, ஒருத்தரும் உள்ளுக்கை வராத வீட்டுக்கு ஆருக்கடியப்பா இவ்வளவு ரோல்ஸ் எண்டு கேட்டார். சும்மா கிடவுங்கோ, பேந்து மேலை குடுத்துவிடத்தான் எண்டா. அப்பிடித்தான் நினைச்சவவோ எண்டு கேட்டால், ஓமெண்டும் சொல்லேலாது, இல்லையெண்டும் சொல்லேலாது.

அண்டைக்கெண்டு பார்த்து மொன்றியலிலை பேய்ப் பனி. பஸ்ஸுமில்லை, காருமில்லை. ரோட்டிலை சுத்திப் போறதெண்ட எண்ணத்தை விட்டுவிட்டு, பில்டிங் படிக்கட்டிலையே ஏறுவம் எண்டு முடிவெடுத்திச்சினம். வந்து சேர்ந்த சனமும் குறைவு. பேஸ்மென்ரிலை தொடங்கினது. கீழ் மாடியிலை இருந்த சல்வடோர்க் குடும்பம் முதல் கதவு. அவை சிரிச்சுச் சிரிச்சு இடமில்லை எண்டு பாடினது மேலை வரைக்கும் கேட்டது. யோசெப்பின் தன்ரை கதவுக்குப் பின்னாலை நிண்டு கையைப் பிசைஞ்சா. பத்திநாதர் உந்தப் பாவத்துக்கு நான் ஆளில்லை எண்டு அறைக்குள்ளை போனவர், போய்க் கதவிடுக்காலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெழுகுதிரி வெளிச்சம் படியாலை ஏறி வந்தது. யோசெப்பின் கதவிலையிருந்த கண்ணாடித் துவாரத்தாலை பார்த்தா. மாதாவா வந்தது சல்வடோர்க்காரற்றை பெட்டை. எட்டு வயசு இருக்கும். வயித்திலை ஒரு குசன், தலையிலை சால்வை, காலிலை பின்னேரம் பனியிலை விளையாடி நனைஞ்ச சப்பாத்து. அதுக்குப் பின்னாலை லூப்பே. மற்றச் சனமெல்லாம் கதவைப் பார்த்துப் பாடினது. லூப்பே மட்டும் பாடிக்கொண்டு மேல் படியைப் பார்த்தாள். ஒரு கால் அடுத்த படியிலை ஏறித்தான் நிண்டது. யோசெப்பின் அதைக் கண்டவ.

வெளியிலை இடம் கேட்டுப் பாடிச்சினம். யோசெப்பின் இடமில்லைப் பாட்டை முதல் தரம் சரியாப் பாடினா. வெளியிலை திரும்பவும் கேட்டிச்சினம், மனுசி நிறைமாதம், களைச்சுப் போனா எண்டு. ரெண்டாந் தரமும் சரியாத்தான் பாடினா. இன்னொரு தரம் பாடியிருந்தால் சனம் மேலை ஏறியிருக்கும். அந்த நேரம் சின்னப் பெட்டை இருமினது. சும்மா ஒரு இருமல். யோசெப்பின்ர வாயிலை வரவேண்டிய பாட்டு வரேல்லை. ஒரு வருசமாத் தொண்டைக்குள்ளை கிடந்த மற்றப் பாட்டுத்தான் வந்தது. வந்த குரலிலை அவவுக்கே மயிர் கூச்செறிஞ்சது. அப்பிடி ஒருநாளும் பாடினதில்லை. கை தன்ரை பாட்டுக்குப் போய்ப் பூட்டைத் திருப்பினது. கதவு விரியத் திறந்தது.

வெளியிலை சனம் ஒருக்காத் திகைச்சுப் போய் நிண்டது. ஆரோ சிரிச்சினம். ஆரோ கை தட்டிச்சினம். பிறகு கூட்டத்திலை ஒரு மனுசன் வீட்டுக்குள்ளை நுழையிற பாட்டை எடுக்க, எல்லாரும் சேர்ந்து பிடிச்சிச்சினம். கதவு திறந்தால் திறந்ததுதானே. பனிக்குள்ளை விறைச்ச சனம், உள்ளுக்கை ரோல்ஸ் வாசம் வேறை. தள்ளுப்பட்டுக்கொண்டு வந்தினம்.

லூப்பே மட்டும் வரேல்லை. படியிலை வைச்ச காலை எடுக்காமல் அப்பிடியே நிண்டாள். மேலை பார்த்தாள், கதவைப் பார்த்தாள். யோசெப்பின் சும்மா விட்டிருந்தால் அவள் ஏறிப் போயிருப்பாளோ, மாட்டாளோ, அது மாதாவுக்குத்தான் வெளிச்சம். யோசெப்பின் விடேல்லை. போய் அவளின்ர மணிக்கட்டைப் பிடிச்சா. வா பிள்ளை, உள்ளுக்கை வா எண்டு தமிழிலையும் ஸ்பானிஷிலையும் சொல்லி இழுத்தா. லூப்பே வந்தாள். சோதனைக்குப் போற பிள்ளை, இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லை எண்டு கேட்டால் எப்பிடி மூச்சு விடுமோ, அப்பிடி ஒரு மூச்சு விட்டுவிட்டு வந்தாள்.

மேலை ஒரு கதவு மெல்லமாச் சாத்துப்பட்ட சத்தம் யோசெப்பினுக்குக் கேட்டது. பாட்டுச் சத்தத்திலை மற்ற ஆருக்கும் கேக்கேல்லை.

அந்த ஒரு மணித்தியாலம் யோசெப்பினைப் போலை சந்தோசமான பொம்பிளை மொன்றியலிலை இல்லை. எல்லாரும் வந்து வந்து கையைப் பிடிச்சினம். என்ன வடிவான ஸ்பானிஷ் எண்டினம். எங்கட பிள்ளையளுக்கே உந்தப் பாட்டுத் தெரியாது எண்டினம். ரோல்ஸ் பறந்தது. பத்திநாதரும் அறையாலை வெளிக்கிட்டு வந்து ஆரோ ஒரு மெக்சிக்கோக்காரனோடை பாஷை தெரியாமலே பகிடி விட்டார். லூப்பே யன்னலோரம் கதிரையிலை இருந்து கேக்கைக் கையிலை வைச்சுக்கொண்டிருந்தாள். திண்டதைக் காணேல்லை. சனம் வெளிக்கிட அவளும் எழும்பி, யோசெப்பினைக் கொஞ்சிவிட்டுக் கீழை போனாள். மேலை போகேல்லை.

சனம் போய் வீடு வெறிச்சோடின பிறகுதான் யோசெப்பினுக்குச் சுள்ளெண்டு சுட்டது. என்ன வேலை பார்த்தன் அந்தோனியாரே எண்டு வாயிலை வந்தது. மிஞ்சின ரோல்ஸைத் தட்டிலை அடுக்கிக்கொண்டு மேலை ஏறினா. கதவைத் தட்டினா.

அம்பாரோ திறந்தா. ஐம்பது வயசு மட்டிலை, தலைமயிரைப் பின்னி முடிஞ்சு, நல்ல உடுப்புப் போட்டிருந்தா. அவவுக்குப் பின்னாலை வீடு முழுக்கத் தெரிஞ்சது. மேசைக்கு வெள்ளைச் சீலை விரிச்சு, பழம் போட்டுக் காய்ச்சின பானம் ஒரு பெரிய பானை, கோப்பையள் வரிசையா. கதிரையள் சுவரோரம். அலுமாரிக்கு மேலை தாயின்ர படம், அதுக்கு முன்னாலை மெழுகுதிரி. படத்துக்குக் கிட்ட ரெண்டு கதிரை மட்டும் தனியாப் பக்கத்திலை பக்கத்திலை போட்டிருந்தது. ஆருக்கெண்டு கேக்கவே தேவையில்லை.

அம்பாரோ தட்டைப் பார்க்கேல்லை. யோசெப்பின்ர முகத்தைப் பார்த்துக் கேட்டா.

"அவள் மேலை வர நினைச்சவளோ?"

லேசான ஸ்பானிஷ். யோசெப்பின் முதல் மாதத்திலை படிச்ச சொல்லுகள். படியிலை நிண்ட காலும், தான் பிடிச்சிழுத்த கையும் அவவின்ர கண்ணுக்குள்ளை நிண்டது. ஓம் எண்ட ஒரு சொல்லுப் போதும். ஆனா ஓமெண்டால், பிறகேன் வரேல்லை எண்டு கேப்பா. நான்தான் இழுத்தனான் எண்டு சொல்ல வேணும். கொஞ்சத்துக்கு முன்னாலை அவ்வளவு சனமும் மெச்சின வாயாலை அதைச் சொல்ல வேணும்.

"எனக்கு விளங்கேல்லை" எண்டா யோசெப்பின். அதையும் ஸ்பானிஷிலைதான் சொன்னா.

அம்பாரோ திரும்பவும் கேட்டா, சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லிற மாதிரி ஒவ்வொரு சொல்லா. யோசெப்பின் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டா. கோதாரியிலை போற சிரிப்பு. தட்டை அவவின்ர கையிலை திணிச்சுவிட்டுப் படி இறங்கினா. பின்னாலை கதவு சாத்தின சத்தம் இப்ப நல்லாக் கேட்டது.

அதுக்குப் பிறகும் நாள் இருந்தது. நத்தார் வந்தது, வருசம் பிறந்தது. நாளைக்குச் சொல்லுவம், பூசை முடியச் சொல்லுவம், லூப்பே சாமான் கட்டி முடியட்டும், பேந்து ஆறுதலாச் சொல்லுவம் எண்டு யோசெப்பின் தள்ளித் தள்ளிக்கொண்டு போனா. வேலையிலை லூப்பேக்குப் பக்கத்திலை நிண்டு ட்ரே அடுக்கேக்கை வாய் மட்டும் வராது. பாஷை போதாது, பாஷை போதாது எண்டு தனக்குத்தானே சொன்னா. ஊர்ப்புதினமெல்லாம் கதைச்ச பாஷை இதுக்கு மட்டும் போதாமல் போச்சு. இரவிலை பத்திநாதர் கேட்டார், ஏன் நித்திரை இல்லாமல் புரளுறாய் எண்டு. நாரி நோகுது எண்டா.

லூப்பே போற நாள் யோசெப்பின் லீவு போட்டுவிட்டு அவளோடை எயார்போட்டுக்குப் போனா. வேறை ஆரும் வரேல்லை. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போற அதே பஸ்தான். சூட்கேசை நடுவிலை வைச்சுக்கொண்டு ரெண்டு பேரும் இருந்திச்சினம். உள்ளுக்கை போற வாசலடியிலை லூப்பே அவவைக் கட்டிப் பிடிச்சாள்.

"அண்டைக்கு நீங்கள் திறந்தது நல்லதாப் போச்சு. இல்லாட்டி நான் மேலை போயிருப்பன். அவ திறந்திருக்க மாட்டா. திறக்கிற மனம் இருந்தால், நான் கீழை உங்கட வீட்டிலை இருக்கிறன் எண்டு தெரிஞ்சும் ஒருக்கா இறங்கி வந்திருப்பாதானே."

வெள்ளைச் சீலை விரிச்ச மேசையும், படத்தடியிலை போட்ட ரெண்டு கதிரையும் கண்ட ஒரே ஆள் யோசெப்பின்தான். சொல்ல வேணுமெண்டு வாயெடுத்தா. உன்ர அக்கா எண்டு தொடங்கினா. லூப்பே தலையை ஆட்டினாள். வேண்டாம், அவவின்ர கதை இனி வேண்டாம் எண்டாள். பின்னாலை நிண்ட சனம் நெருக்கினது. யோசெப்பின் நினைச்சிருந்தால் அவளை இழுத்து நிப்பாட்டிச் சொல்லியிருக்கலாம். அண்டைக்கு இழுக்கத் தெரிஞ்ச கைதானே. ஆனா சொன்னால், இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை எண்டு பெட்டை கேப்பாள். அந்தப் பயத்திலை நிண்டுகொண்டே இருந்தா. லூப்பே கையைக் காட்டிவிட்டு உள்ளுக்கை போயிட்டாள்.

யோசெப்பின் உடனை வீட்டுக்குப் போகேல்லை. அங்கையே ஒரு வாங்கிலை குந்தியிருந்தா. அறிவிப்புப் பலகையிலை மெக்சிக்கோப் பிளேன் வெளிக்கிட்டாச்சு எண்டு வந்ததையும் பார்த்தா. அதுக்குப் பிறகு எழும்பி, பஸ் எடுத்து, பார்க் எக்ஸ்டென்ஷனிலை இறங்கி, தன்ரை கதவடியிலை நிக்காமல் நேரை உச்சி மாடிக்கு ஏறினா. இனி என்ன இருக்கு மறைக்க.

அம்பாரோ திறந்தா. உள்ளுக்கை வா எண்டு சொல்லேல்லை. யோசெப்பின் வாசலிலையே நிண்டு சொல்லத் தொடங்கினா. போதாத பாஷையெல்லாம் எங்கையோ இருந்து வந்து குவிஞ்சது. லூப்பே பாட்டைப் பற்றிச் சொன்னதைச் சொன்னா. படியிலை வைச்ச காலைச் சொன்னா. தான் பிடிச்சு இழுத்ததைச் சொன்னா. நீ கேட்டது எனக்கு அண்டைக்கே விளங்கினது, விளங்கேல்லை எண்டு பொய் சொன்னன் எண்டதையும் சொன்னா. கேட்டு முடிய, அம்பாரோ வாசலடியிலை கிடந்த சப்பாத்தை எடுத்துக் காலிலை மாட்டினா. குனிஞ்சு கயிறு கட்டினா.

பிளேன் போயிட்டுது எண்டா யோசெப்பின்.

அம்பாரோ மற்றச் சப்பாத்துக்கும் கயிறு கட்டினா. கோட்டை எடுத்துப் போட்டா. தொப்பியைத் தேடினா.

"பனிக்காலத்திலை பிளேன் பிந்தும்" எண்டா. "எத்தினையோ தரம் பிந்தியிருக்கு."

யோசெப்பின் அவவுக்குப் பின்னாலை யன்னலைப் பார்த்தா. கண் கூசிற வெய்யில். வானத்திலை ஒரு முகில் இல்லை.

அம்பாரோ கதவைப் பூட்டினா. திறப்பைப் பைக்குள்ளை போட்டுவிட்டு, யோசெப்பின்ர முகத்தைப் பார்க்காமல் கேட்டா.

"நேற்று நீ வந்திருக்கலாமே?"

ஓம் எண்டா யோசெப்பின். வந்திருக்கலாம் எண்டா.

பிளேன் நேரத்துக்குப் போயிட்டுது எண்டு யோசெப்பினுக்குத் தெரியும். அம்பாரோவுக்கும் தெரியும். ரெண்டு பேரும் படி இறங்கி, டோர்வல் பஸ்ஸுக்கு நடந்திச்சினம்.